நைரா குடித்த மருந்து

போன தடவை மகளை அமுக்கிப் பிடித்து அறுவை அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது செவெரோதான். அண்ணப் பிளவைத் தைக்கும் முதல் அறுவை சிகிச்சை அது. நைரா போட்ட கத்தல் எல் ஆல்ட்டோ நகரம் முழுக்கக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அப்பன் மடிக்கே வரவில்லை. மினிபஸ்ஸில் ஊரையே ஏற்றி இறக்கி, எல்லோரிடமும் வாய்ச்சண்டை போடுகிற மனுஷன், ஐந்து வயசுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டதில் சுருண்டு போனான். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடக் கூடாது. அவனுக்கு வேறு கவலையே இல்லை.

மயக்க மருந்து டாக்டர் லூஸ்மிலா ஒரு சின்னக் கோப்பையில் மருந்து கொண்டுவந்தாள். "இத குடிச்சா பயம் போயிடும். கொஞ்ச நேரத்துல சிரிச்சுக்கிட்டே வருவா, பாருங்க."

நைரா கோப்பையை வாங்கினாள். குனிந்து, பாதியைப் பக்குவமாகத் தரையில் ஊற்றினாள்.

"ஐயோ! என்னடி செல்லம் பண்றே?" என்று பதறினாள் டாக்டர்.

"பச்சமாமாவுக்குத்தான் முதல்ல. அப்பா தினம் ஊத்துவாரே!"

பச்சமாமா என்கிற பூமித்தாய்க்கு ஊற்றாமல் ஒரு மிடறு சாராயமும் இறங்காத வீடு அது. செவெரோவுக்குக் காது சிவந்தது. "தினமெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை மட்டுந்தான்."

"எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்று சிரித்தாள் லூஸ்மிலா. கோப்பையில் மிச்சம் இருந்ததை அளந்து பார்த்து, குறைந்ததை மட்டும் சேர்த்துக் கொடுத்தாள்.

நைரா அப்போதும் குடிக்கவில்லை. அப்பனைப் பார்த்தாள். "நீயும் குடி. தனியா குடிக்கிறது மரியாதை இல்லன்னு நீதானே சொன்னே?"

டாக்டர் சத்தமில்லாமல் இன்னொரு கோப்பையில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். செவெரோ மடக்கென்று விழுங்கி, முகத்தை அஷ்டகோணலாக்கினான்.

"கசக்குதா?"

"பயங்கரமா!"

"நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அவளும் குடித்தாள்.

இருபது நிமிஷத்தில் விட்டத்து விளக்கைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். தள்ளுவண்டி அறுவை அறை வாசலுக்கு வந்தபோது செவெரோ கண்ணைக் கசக்கினான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"உனக்கும் தூக்கம் வருதாப்பா?" அவளுக்கு நாக்கு குழறியது. "பயப்படாதே. கண்ண மூடிக்க. நான் வந்து எழுப்பறேன்."

அவன் மூடிக்கொண்டான். பிஞ்சுக் கை இரண்டு தடவை அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தது. சக்கரம் உருண்டது. கத்தல் இல்லை, அழுகை இல்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ள போயிட்டாங்க. இனிமே கண்ணத் திறக்கலாம்" என்றாள் வாசலில் நின்ற நர்ஸ்.

"இல்லம்மா" என்றான் செவெரோ. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அவளே வந்து எழுப்பட்டும்."