அமாவாசைத் தறி

அமாவாசையன்று ஆரணியில் யாரும் தறியில் உட்காருவதில்லை. தெருவே காதடைத்த மாதிரி இருந்தது. ஆதிலட்சுமி அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக். டிக். டிக். புருஷன் மணவாளனுடைய கம்ப்யூட்டர்.

பெரணமல்லூர் ரோட்டில் வண்டியோடு விழுந்ததிலிருந்து அவனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, குரலும் போய்விட்டது. போன வருஷம் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில், பரிசோதனைக்கென்று, அவன் மூளையில் சிப் வைத்தார்கள். நன்றாகப் பழகிய கைவேலை ஒன்றை மனசுக்குள்ளேயே செய்யுங்கள், அது திரையில் தட்டுவதாக ஆகிவிடும் என்றார்கள். நெசவுக்காரன் வேறெதை நினைப்பான்? தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவதற்கான கயிற்றை மனசுக்குள் இழுத்தான். ஒரு இழுப்புக்கு ஒரு தட்டு. அப்படித்தான் எழுத்தெழுத்தாய் அவளோடு பேசினான், நெட்டில் செய்தி படித்தான், சண்டையும் போட்டான். பக்கத்து வீட்டு எல்லப்பன் தறி ஓடினால் மட்டும், அந்தச் சத்தத்துக்கு, மனசுக்குள் கயிறு தானாக இழுபட்டு, திரையில் கண்டபடி தட்டு விழும். "எங்க மாமியா செத்த சேதிக்கு உன் ஊட்டுக்காரரு சிரிக்கிற பொம்ம போட்டுக்கிறாரும்மா," என்று எல்லப்பன் வந்து நின்றதும் உண்டு.

இன்றைக்கு எல்லப்பன் தறிக்கும் லீவு.

கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மணவாளன் வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். திரையில் தட்டு விழுந்துகொண்டே இருந்தது, தறியின் அதே நிதானத்தில். சட்டென்று நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

இழ அறுந்துச்சி. ஜல்தி வா.

கல்யாணமான நாளிலிருந்து தறியில் உட்கார்ந்துகொண்டு அவளை அவன் கூப்பிட்டதெல்லாம் இப்படித்தான். அறுந்த இழையை முடிச்சுப் போட்டு முடிவது அவள் வேலை. ஆனால் அந்தத் தறியைப் போன ஆடியிலேயே விற்றாயிற்று. அது இருந்த இடத்தில்தான் இப்போது அவன் கட்டில்.

"இன்னாங்க," என்றாள். இமை அசையவில்லை.

போன் அடித்தது. அபிஜித், சிப்பைக் கவனிக்கும் இன்ஜினியர். தூக்கத்தில் தானாக எழுத ஆரம்பித்தால் சிப்பையே நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தான்.

"அக்கா, காலையிலேர்ந்து சிக்னல் ஒரு மாதிரி வருது. அண்ணன் முழிச்சிகினு இருக்காரா?"

நிறுத்திவிட்டால் பழையபடி கண்ணைச் சிமிட்டி ஆமாம், இல்லை; அவ்வளவுதான். சிப் வைப்பதற்கு முந்தைய அந்த ஒரு வருஷத்து மௌனத்தை அவள் மறக்கவில்லை.

"முழிச்சிகினுதான் இருக்காரு. நாங்க பேசிகினு இருக்கோம்."

"அவருதானே எழுதறாரு?"

"வேற யாரு எழுதுவாங்க, தம்பி?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். திரையில் இன்னொரு வரி ஏறியிருந்தது.

எவ்ளோ நேரம் தறிய நிறுத்திகினு குந்தறது.

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம், முன்பு இழை முடிய உட்காரும் இடத்திலேயே, குந்தினாள். அவன் மார்புக்கு மேலே ஒன்றுமில்லாத வெளியில் இரண்டு விரல்களால் துழாவினாள். மனசை ஆற்றிக்கொள்ளத்தான். விரல் நுனியில் மெல்லிசாக ஏதோ சிக்கியது. எச்சில் தொட்டு, முறுக்கி, முடிந்தாள்.

கையை எடுத்ததும் தட்டு மறுபடி விழத் தொடங்கியது.