கலப்பத்துக்கு விட்ட இடம்

எங்காவது இடம் காலியாக இருந்தால் வர்ணக்காரருக்குப் பொறுக்காது. பையில் ஓரம் தெரிந்தால் இன்னொரு துணியைத் திணிப்பார். தட்டில் ஓரம் தெரிந்தால் இன்னொரு கரண்டி போடுவார். அவர் மனைவியைப் படகுப் பட்டறையே சின்னக்கா என்றுதான் கூப்பிடும். அவளும் இந்தக் குணத்தைப் பல வருஷமாகச் சிரித்துச் சமாளித்துவந்தாள், படகு தண்ணீரில் இறங்கவிருந்த அன்று காலை வரை.

பட்டறையில் அவருக்குப் படகுக்கு வர்ணம் பூசும் வேலை, அவளுக்குக் கலப்பத்து. மரக்கப்பல் காலத்துச் சொல் அது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பசையைப் பூசுவார்கள். அவ்வளவுதானே என்று தோன்றும். அடித்துப் பார்த்தால்தான் பாடு தெரியும்! காய்ந்த பலகை தண்ணீர் குடித்ததும் உப்பும். உப்ப இடமில்லாவிட்டால் ஆணியையே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். எங்கே கையை நிறுத்துவது என்று தெரிந்தால்தான் அது கலப்பத்து, இல்லாவிட்டால் தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற வேலை.

இத்தனை நாளும் அண்ணனுக்குக் கையாளாக இருந்தவள் சின்னக்கா. இந்தப் படகுதான் முதன்முதலாக முழுக்க அவள் பொறுப்பு. "இது ஒழுங்கா மிதந்தா, பக்கத்துல நிக்கிற பெரிய கப்பலும் உனக்குத்தான். ஒழுகுச்சுன்னா உங்க அண்ணனைக் கூப்பிட்டுடுவேன்" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்று காலை வர்ணக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"அடிப்பலகை இடுக்குல பஞ்சு பாதிதான் இருந்துச்சு. அவசரத்துல விட்டுட்ட போலிருக்கு. நேத்து நீ கிளம்பினதும் நானே நல்லா அடைச்சு, மேல வர்ணமும் பூசிட்டேன். இனி ஒரு சொட்டு உள்ள வராது பாரு!"

சின்னக்கா பதறிப்போனாள். "ஐயையோ! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? அது நான் வேணும்னே விட்ட இடங்க!"

கொக்கியை எடுத்துக்கொண்டு படகின் அடியில் நுழைந்தாள். அவர் ஆசை ஆசையாக அடைத்த பஞ்சை முழம் முழமாக உருவிப் போட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி வர வேண்டும்?

"ஏம்மா, இறக்கப்போற நேரத்துல எதுக்குப் பஞ்சைப் பிடுங்குற? புத்தி கெட்டுப்போச்சா?"

நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்த புருஷனை அவள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் அதிகமாயிடுச்சு முதலாளி. என் பொறுப்பு, நானே சரி பண்ணிடறேன்."

பசையைப் பூசி முடித்ததும் படகை இறக்கிக் கயிற்றில் கட்டினார்கள். இறங்கின உடனேயே இடுக்கெல்லாம் கசிய ஆரம்பித்தது. முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒழுகுதே! அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"பலகை ஊறணும் முதலாளி. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க."

வாளியோடு அவள் படகில் ஏறினாள். பின்னாலேயே இன்னொரு வாளியோடு வர்ணக்காரரும் ஏறினார். இரண்டு பேரும் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் குறைவேனா என்றது. வெளியே தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, இடத்தைக் கூடுதலாக விட்டுவிட்டோமோ என்று உள்ளுக்குள் அவளுக்கு உதறல்தான். அண்ணன் வந்து உளியை வாங்கிக்கொள்வதை நினைத்தாலே அழுகை வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் வர்ணக்காரரின் வாளி டொக்கென்று பலகையில் இடித்தது. மொள்ளத் தண்ணீர் இல்லை. சின்னக்கா குனிந்து ஒவ்வோர் இடுக்காக விரலால் தடவினாள். பலகை ஊறி உப்பி, எல்லாம் கவ்விக்கொண்டிருந்தது.

முதலாளியும் ஏறி வந்து தடவிப் பார்த்தார். "சரிம்மா. பெரிய கப்பலுக்கு எவ்வளவு பஞ்சு வேணும்னு நாளைக்குச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னக்கா அப்படியே பலகையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஏங்க, உங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதே! எந்தத் தைரியத்துல ஏறினீங்க?"

"என்னால வந்த வினை. நான் கரையில நின்னு வேடிக்கை பார்த்தா நல்லாவா இருக்கும்?"

"முழுகியிருந்தா?"

"நீ அடிச்ச கலப்பத்து. எப்படி முழுகும்?"

சொல்லும்போது அவர் முகத்தில் துளி விளையாட்டில்லை. சின்னக்கா முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். ஆனாலும் விடுவாளா?

"இவ்வளவு நம்பிக்கை இருக்கிறவரு நேத்து எதுக்குங்க பஞ்சை அடைச்சீங்க?"

வர்ணக்காரர் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"அது நேத்து" என்றார்.