தொட்டி நிழல்

காலையில் எழுந்ததும் தென்றல் கொண்டையை அவிழ்த்து உதறினாள். தரையில் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. பொடுகு என்றுதான் நினைத்தேன், திட்டவும் வாயைத் திறந்துவிட்டேன். விரலால் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்கிறது. சிமெண்டு.

"எங்கடி போய் உரசிக்கினு வந்த?"

"எங்கியும் போலக்கா. நேத்து பஸ்ஸுக்கு டேங்க் கீழ நின்னுகினு இருந்தேன்ல, மேலருந்து வுழுந்துது. எல்லார் தலைலயும்தான் வுழுந்துது. அதுக்கின்னா இப்போ?"

அதுக்கின்னாவாம். என் தங்கைக்கு எல்லாமே அதுக்கின்னாதான்.

நாங்கள் வாலாஜாபாத்துக்காரர்கள். அவளுக்கு செல்போன் கம்பெனியில் வேலை, எனக்குத் தண்ணீர் ஆபீசில் வேலை. இருங்காட்டுக்கோட்டை தாண்டி நெல்லிமேட்டில் ஒரு ரூம் எடுத்து இருக்கிறோம். ஊரே இப்போது ரூம்கள்தான். இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற பெண்கள் உச்சி வெயிலில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். ரோடு அகலமானபோது மரமெல்லாம் போய்விட்டது, மிச்சம் இருக்கிற ஒரே நிழல் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அந்த நேரத்தில் அதுவும் பக்கத்தில் சாயாமல் தொட்டிக்கு நேர் கீழேயே கிடக்கும். தூண்களுக்கு நடுவே அத்தனை பெண்களும் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நெருக்கியடித்து நிற்பார்கள்.

அன்றைக்கு ஆபீஸ் போகிற வழியில் நானும் அங்கே போய் அண்ணாந்து பார்த்தேன். அடிப்பக்கத்துப் பூச்சு விட்டுப்போய், துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. ஒரு மூலையில் ஈரம் கசிந்து கறுத்திருந்தது. வெளிப்பக்கம் மட்டும் வெள்ளையும் நீலமுமாக மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. அதன்மேல் பெரிய எழுத்தில் 2021. போன உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் பெயின்ட் அடித்தபோது எழுதிய வருஷம்.

"எப்பக்கா கட்டுனது இது?" என்று செங்கமலம் அக்காவைக் கேட்டேன். தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் அவர்தான்.

"யாருக்குத் தெரியும் மேடம்? நான் கல்யாணம் ஆயி வந்தப்பவே நின்னுகினு இருந்துது. இப்ப என் பொண்ணுக்கே கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு கீது."

ஆபீசில் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எங்கள் குடிநீர் நிறுவனத்துக்குப் போன வருஷம் ஒரு சாப்ட்வேர் வந்தது. முன்பெல்லாம் தொட்டி விவரம் ஒரு பக்கம், புகார் ஒரு பக்கம், பட்ஜெட் வேறொரு பக்கம் கிடக்கும். யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் ஊருக்குப் புதுத் தொட்டி. இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தாகிவிட்டது. எதை இடிக்கணும், எதைக் கட்டணும், எது பொறுக்கும் என்று ஐந்து வருஷத்துக்கு அதுவே வரிசை போட்டுவிடும். எந்தத் தலைவருடைய மச்சான் வந்து நின்றாலும் அசையாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

வரைபடத்தில் நெல்லிமேட்டுத் தொட்டி ஒரு பச்சைப் புள்ளி. கட்டிய ஆண்டு 2021, நிலை நன்று. கூடவே ஆதாரமாக ஒரு போட்டோ. சர்வே எடுக்க வந்தவர்கள் தொட்டிமேல் இருந்த வருஷத்தைப் பார்த்து அப்படியே ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடவுளே, பெயின்ட் அடித்த வருஷத்தையா பிறந்த வருஷமாக வைப்பார்கள்!

என் அதிகாரி கோபால் சாரிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான். நான் எடுத்த போட்டோவைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"வருஷத்த மாத்தணும்னா ஒரிஜினல் பைல் வேணும் எழில். பழைய யூனியன் ஆபீஸ்ல கேட்டுப் பாரு. இல்லாம மாத்துனா ஆடிட்ல என் கழுத்தப் புடிப்பாங்க. இந்த வருஷத் திட்டம் வேற லாக் ஆயிடுச்சி."

"அதுவரைக்கும் அது நிக்கணுமே சார்?"

"இன்ஸ்பெக்ஷனுக்குப் போடு. வந்து பாத்து எழுதிட்டாங்கன்னா தானா மாறிடும்."

யூனியன் ஆபீசில் பைல் இல்லை. வெள்ளத்தில் போய்விட்டதாம். இன்ஸ்பெக்ஷனுக்குப் போட்டேன். சாப்ட்வேர் உடனே பதில் சொன்னது. ஆபத்து அதிகம் உள்ளவற்றைத்தான் முதலில் பார்க்கணும், இது புதுத் தொட்டி, ஆகையால் அடுத்த வருஷம். ஆபத்தா என்று பார்க்க வரச் சொன்னால், ஆபத்து இல்லை அதனால் வரமாட்டேன் என்கிறது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

தென்றலிடம் சொன்னேன், வேறே எங்கேயாவது நில்லுடி என்று. "பஸ்ஸு அங்கதாங்கா நிக்கும். வெயில்ல நின்னு கருகச் சொல்றியா? உனுக்கு ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து பயம் புடிச்சிக்கிச்சி" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது.

கடைசியில் செங்கமலம் அக்காவைப் பிடித்தேன். "இனிமே பாதித் தொட்டிதான் ஏத்தணும். யாருக்கும் சொல்லாதீங்க. வெயிட்டாவது கொறையட்டும்."

அவர் மேலே ஒரு தடவை பார்த்தார். என்னவோ புரிந்தது போலத் தலையாட்டினார்.

கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஈரம் கசிந்த மூலைகூட வெளுத்துவிட்டது. ஆனால் மாடி ரூம்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ரூம் பையன்கள் ஆளுக்கொரு புகாரைப் போனில் தட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஷிப்ட் முடிந்து வந்தால் குளிக்கவாவது வேண்டாமா? அந்தப் புகாரெல்லாம் நேராக சாப்ட்வேரின் வயிற்றுக்குள் போனது. அது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. தொட்டி புதுசு, நிலை நன்று, ஆனாலும் தண்ணீர் நிறையவில்லை. அப்படியானால் கோளாறு மோட்டார் போடுகிற ஆளிடம்தான்.

கோபால் சார் என் மேஜைக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ட்ரீட் குடு எழில்! ஆட்டோமேடிக் மோட்டார் உங்க ஊருக்குத்தான் மொதல்ல வருது. சின்ன வேலையாம், தனி அப்ரூவல்கூட வேணாம். இனிமே ஆளே தேவையில்ல, ஹெட் ஆபீஸ்லருந்தே முழுசா நிரப்பிடுவாங்க."

பாதித் தொட்டி விஷயத்தை அப்போதே அவரிடம் கொட்டினேன். சிரிப்பு போய்விட்டது. "ஐயையோ, இத வெளிய சொல்லாத. வேலை போயிடும்" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். ஹெட் ஆபீசுக்கே கடிதம் எழுதினேன். பதிலுக்கு, புகார் பதிவாகிவிட்டது என்று ஒரு எண் மட்டும் வந்தது.

ஆட்டோமேடிக் மோட்டாரை முதல் முறை ஓடவிடுகிற அன்று பெர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானம் ஊருக்கு வந்தேன். மோட்டார் ரூம் வாசலில் செங்கமலம் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கக்கா!"

"எப்டிம்மா நிறுத்தறது? சுவிட்ச பொட்டிக்குள்ள வெச்சிப் பூட்டிகினு போயிட்டானுங்க. பியூசும் அதுக்குள்ளதான் கீது."

தொட்டிக்குக் கீழே பெண்கள் கூட்டம். கசிவு இப்போது ஒரு மூலையில் மட்டும் இல்லை, அடிப்பக்கம் முழுக்கப் படர்ந்திருந்தது. நான் பைத்தியக்காரி மாதிரி கத்தினேன். "வெளிய வாங்கடி! எல்லாரும் வெளிய வாங்க! டேங்க் இடிஞ்சி வுழப்போவுது!"

முதலில் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒவ்வொருத்தியாக ரோட்டுக்கு வந்தார்கள். துப்பட்டாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கோபால் சாருக்குப் போன் போட்டேன். "ஸ்கிரீன்ல எல்லாம் நார்மலா காட்டுது, பதறாத. நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

பஸ் வரவில்லை. தார் ரோடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒருத்தி மெதுவாக நிழலுக்குத் திரும்பினாள். இன்னும் இரண்டு பேர் போனார்கள். பிறகு எல்லோரும். தென்றல் மட்டும் எனக்காக வெயிலிலேயே நின்றாள். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"மானத்த வாங்காதக்கா, எல்லாரும் பாக்கறாங்க. பஸ்ஸு இப்ப வந்துரும்." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு அவளும் போனாள்.

அப்போது மேலே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. தொட்டி நிறைந்துவிட்டது. பெண்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். தென்றல் கையை நீட்டி அந்தத் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வாக்கா, ஜில்லுனு கீது!"