முப்பத்தொன்றாவது பலகை

தேர்தல் தேதியை அறிவித்த நாளிலிருந்து அந்த ஊர் அலுவலகங்களில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: தேர்தல் முடியட்டும். சுகாதார நிலையத்துக்கு வரவேண்டிய நர்ஸின் உத்தரவு, உடைந்த குடிநீர்க் குழாய், பெயிண்டரின் வேலை நிரந்தரம், எல்லாம் ஒரே அலமாரிக்குள் போய்ப் படுத்துவிட்டன. சாலைத் துறையில் பதினொரு வருடமாகத் தினக்கூலிக்குப் பலகை எழுதுகிற மனிதர் அவர். கோப்பு கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று காதில் விழுந்த மறுநாளே தேர்தலை அறிவித்துத் தொலைத்தார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவிக்கும் தூக்கமில்லை. வாக்குச்சாவடி வேலைக்குப் பெயர் வந்ததிலிருந்து டீச்சருக்கு ரத்த அழுத்தம் ஏறி மாத்திரை ஒன்று கூடியிருந்தது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, காலையில் நன்றாகத் தூங்கியதாக ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டார்கள்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் புகார் கொடுத்தார். சாலையோர அரசுப் பலகைகளில் அமைச்சர் இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறார், இது விதிமீறல் என்று. சாலைத் துறை ஓவர்சியருக்குக் கை கால் ஓடவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு நாற்பத்தாறு பலகைகளின் பட்டியலையும் ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் கொடுத்தார். மாலை ஐந்து மணிக்குள் அத்தனையும் மூடியாக வேண்டும். மூடிய ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு முகம் தெரிந்தாலும் இரண்டு பேர் தலையும் உருளும் என்றார்.

பெயிண்டர் மொபெட்டில் பசை வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். அமைச்சர் சிரிக்காத இடமே இல்லை. கழிவறைக்குப் பக்கத்தில் சிரித்தார், மருத்துவமனை வாசலில் சிரித்தார், குப்பை கொட்டாதே என்ற பலகையில் குப்பைக்கு நடுவே நின்று சிரித்தார். எல்லாச் சிரிப்பின் மேலும் தாளை ஒட்டிக்கொண்டு, முப்பத்தொன்றாவது பலகைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

அது ஊருக்கு வெளியே வாய்க்கால் பாலத்தின் முகப்பில் நின்றது. இடது பாதியில் கையசைக்கும் அமைச்சர், கீழே ‘புதிய பாலம் விரைவில்’. வலது பாதியில் பெரிய சிவப்பு எழுத்தில், ‘பாலம் பழுது. பஸ், லாரி செல்லக் கூடாது’. அந்தச் சிவப்பு எழுத்துகளை நான்கு மாதத்துக்கு முன் எழுதியதே பெயிண்டர்தான். பசைத் தூரிகையை வாளியில் வைத்துவிட்டு ஓவர்சியருக்குப் போன் செய்தார்.

“படம் இருக்கா இல்லையா, அதச் சொல்லு.”

“இருக்கு சார். ஆனா பக்கத்துல எச்சரிக்கை எழுதியிருக்கு.”

“பட்டியல்ல பலகைன்னுதான்யா போட்டிருக்கு. பாதிப் பலகைன்னா போட்டிருக்கு? மூடிட்டுப் போய்ட்டே இரு.”

தாளைப் பாதியாக வெட்டி முகத்தை மட்டும் மூடியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. பெயிண்டருக்கு அது தோன்றாமல் இல்லை. வண்டிகளைத் தடுக்க அங்கே வைத்திருந்த இரண்டு தார் டிரம்களும் இல்லை என்பதையும் கவனித்தார். போன வாரம் கட்சித் தலைவர் கூட்டத்துக்குத் தடுப்பு வைக்க எடுத்துப் போனவை திரும்பி வரவில்லை. இன்னும் பதினைந்து பலகைகள் பாக்கி. நமக்கேன் வம்பு என்று முழுப் பலகையையும் மூடினார். வாய்க்கால் பக்கம் காற்று அதிகம் என்பதால் பசையைக் கெட்டியாகவே பூசினார். படம் எடுத்து அனுப்பினார். ஓவர்சியரிடமிருந்து கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டில் கை வைத்தபோது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. ‘வாக்குப் பெட்டி வாங்கியாச்சு. பதினாலாம் நம்பர் பஸ். அக்கரைப் பள்ளிக்கூடம், வாய்க்கால் பாலம் வழியாப் போறோம். போனை அணைக்கச் சொல்றாங்க. மாத்திரை போட்டுட்டேன், கவலை வேண்டாம்.’

பெயிண்டர் தட்டைத் தள்ளி வைத்தார். உள்ளூர்க்காரர் யாரும் அந்தப் பாலத்தில் பஸ் ஓட்டமாட்டார்கள், அணைக்கட்டைச் சுற்றித்தான் போவார்கள். ஆனால் தேர்தல் பஸ்களும் டிரைவர்களும் வெளியூர். வழியைப் போட்டவர் ஏதோ ஓர் அறையில் பழைய வரைபடத்தை விரித்துப் போட்டவர். பாலத்துக்கு வந்தபின் வண்டியை நிறுத்தக்கூடிய பொருள் உலகத்திலேயே ஒன்றுதான், அதன்மேல் அவர் நேற்றுத் தாள் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்.

டீச்சரை அழைத்தார். அணைந்திருந்தது. ஓவர்சியரை அழைத்தார். தானும் தேர்தல் வேலையில் இருப்பதாகவும், வழிப்பட்டியல் மேலே கையெழுத்தான ஒன்று என்பதால் தன்னால் தொட முடியாது என்றும், எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் அந்தத் தாளில் கை வைத்தால் அதுவும் விதிமீறல்தான் என்றும் ஓவர்சியர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கட்டுப்பாட்டு அறை எண்ணில் ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு, புகார் எண் கொடுத்து, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கப்படும் என்றாள். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? பெயிண்டர் கையைக்கூடக் கழுவாமல் மொபெட்டை எடுத்தார்.

ஒன்பது கிலோமீட்டர். வழியெல்லாம் அவர் ஒட்டிய வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பி நம்பரைப் பார்த்தார். நேற்று மாலையிலிருந்து அந்தப் பாலத்தின் மேல் என்னென்ன போயிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அங்கேயே அமுக்கிவிட்டு வண்டியை விரட்டினார்.

பாலம் நின்றுகொண்டிருந்தது. பஸ் இன்னும் வரவில்லை. சுரண்டும் தகட்டை எடுத்துத் தாளில் போட்டார். தன் பசையின் அருமை அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாளியில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு வந்து அடித்தார், நகத்தால் கிழித்தார். இடது ஓரம்தான் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அங்கே பிடித்து இழுத்ததும் பாதித் தாள் கையோடு வந்தது. உள்ளேயிருந்து அமைச்சர் சிரித்தார். சிவப்பு எழுத்தின்மேல் தாள் அசையாமல் இருந்தது. பெயிண்டருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது வளைவில் பஸ் திரும்பியது.

தகட்டோடு ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். ஒரு முழத்துக்கு முன்னால் வந்து பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வாய்க்கு வந்தபடி பேசினார். பின்னாலேயே கழுத்தில் அட்டை தொங்க ஓர் அதிகாரி இறங்கினார். நான்கு மணிக்குள் பெட்டியோடு சாவடியில் இருக்க வேண்டிய மனிதர், அவர் முகத்தில் இரண்டு நாள் தூக்கம் பாக்கியிருந்தது. யார் நீங்கள், எந்தக் கட்சி என்று கேட்டார். ஜன்னலில் டீச்சரின் தலை தெரிந்தது.

“என்னங்க, இங்க என்ன பண்றீங்க?”

அதிகாரி டீச்சரைப் பார்த்தார், பெயிண்டரைப் பார்த்தார், திறந்து கிடந்த அமைச்சர் முகத்தையும் பார்த்தார். வீட்டுச் சண்டையைச் சாலைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார்.

“சார், பத்து எண்ணுறதுக்குள்ள காட்டிடறேன். கீழ வந்து தூணை மட்டும் பாருங்க. அப்புறம் என்ன வேணா எழுதுங்க.”

ஏனோ அதிகாரி வாய்க்கால் கரையில் இறங்கி வந்தார். டிரைவரும் வந்தார். மூன்றாவது தூணில் மேலிருந்து கீழ்வரை விரிசல், ஒரு கை தாராளமாக உள்ளே போகும். உள்ளே கம்பி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. விரிசலிலிருந்து மணல் சொரிந்தது. டிரைவர் இரண்டு அடி பின்னால் போனார். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, இதில் வண்டியை ஏற்றமாட்டேன் என்றார்.

சுற்றிப் போனால் நேரம் தப்பிவிடும். அதிகாரி கடைசியில் எல்லோரையும் இறக்கி, பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொன்னார். பதினொரு பேர். டீச்சர் மை டப்பாவையும் பட்டியலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐந்தாவதாக நடந்தார். அக்கரையில் அவர் கால் வைக்கும்வரை பெயிண்டர் இந்தக் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசியாகத்தான் போனார். “பஸ்ஸை நிறுத்துனது சரிதான். அதையும் எழுதறேன்” என்றார். “ஆனா அந்தப் படத்தைத் திறந்தது தப்பு. ஓட்டுக்கு முந்தின நாள் நானே கண்ணால பாத்துட்டு எழுதாம விட முடியாது.”

அவர் போனதும் பெயிண்டர் ஒரு தாளைச் சரிபாதியாக வெட்டி அமைச்சர் முகத்தில் ஒட்டினார். பிறகு உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுரண்டிச் சிவப்பு எழுத்துகளை வெளியே எடுத்தார். சாலையின் குறுக்கே பாறாங்கற்களை உருட்டி வைத்தார்.

டீச்சர் வாக்குப்பதிவு முடிந்து மறுநாள் காலையில்தான் வீடு திரும்பினார். அதற்குள் அலுவலகத்திலிருந்து பெயிண்டரின் போனுக்கு மெமோ வந்திருந்தது. மூடப்பட்ட பலகையை அனுமதியின்றித் திறந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். வாக்கு எண்ணிக்கை முடியும்வரை, அதாவது இன்னும் பத்து நாள், எந்தப் பலகையையும் தொடக் கூடாது. மீண்டும் நடந்தால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார். பதினொரு வருடம் அந்தக் கடைசி வரியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

டீச்சர் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே மெமோவை இரண்டு முறை படித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் உங்களை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தார்கள் என்றார். பெயிண்டருக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. தாள் ஒட்டிய அன்று ஓவர்சியருக்குப் போன் செய்ததையும், அவர் சொன்னதையும், பாதித் தாளைப் பற்றித் தனக்குத் தோன்றியதையும், தோன்றியும் செய்யாததையும் சொல்லிவிட்டார். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு கேக்கறேன். பதினாலாம் நம்பர் பஸ்ல நான் இல்லாம வேற யாரோ இருந்திருந்தா?”

பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சாப்பிட்டு முடிச்சிருப்பேன்.”

டீச்சர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாக்கு எண்ணி முடிக்கும்வரை பள்ளிகளுக்கு விடுமுறை. வெயில் வேறு கொளுத்தியது. எங்கே குளிக்கப் போகலாம் என்று யாரோ கத்திக் கேட்டது வீட்டுக்குள் வரை கேட்டது.

பெயிண்டர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பசை ஒட்டி விறைத்துப் போயிருந்ததைப் பிரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பத்தொன்பதில் விரல் நின்றுவிட்டது. கல்குவாரிக் குட்டை. அமைச்சர் படத்தோடு, ‘குட்டையைச் சுற்றி வேலி விரைவில்’. பக்கத்தில் அவர் கையால் எழுதியது, ‘ஆழம் அறுபது அடி. இறங்காதீர்கள். நான்கு குழந்தைகள் இறந்த இடம்’. அதையும்தான் மூடினார். அங்கே யாருக்கும் போன்கூடச் செய்யவில்லை.

எழுந்து சுரண்டும் தகட்டைத் தேடினார். டீச்சர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெமோ இருந்த போனைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தார். வீங்கிய காலோடு குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கத்தரிக்கோலும் ஒரு வெள்ளைத் தாளும் அவர் மடியில் இருந்தன.

“அதுல படம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“வலது பக்கம்” என்றார் பெயிண்டர்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் டீச்சர் தாளைப் பாதியாக வெட்டிவிட்டார்.