இடக்கன்னத்தில் கொமடோர்

கல்முனைக் கடைத்தெருவில் என்னைவிட நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்த வியாபாரி அந்தக் காலத்தில் இருக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சீப்பு, சென்ட், பவுடர், முகம் பார்க்கும் கண்ணாடி என்று பகட்டுச் சாமான் விற்ற கடை என்னுடையது. ஷரிபுதீன் கடை என்றால் அட்டாளைச்சேனை வரைக்கும் தெரியும். முகம் வழிக்கும் கிரீமில் இரண்டு வகை வைத்திருந்தேன். நீல ட்யூபில் கொமடோர், பச்சை ட்யூபில் லில்லி குயீன். கொமடோர் ட்யூபில் தொப்பி போட்ட கப்பல்காரன் ஒருவன் முகம் நிறையத் தாடியோடு நின்றான். தாடிக்காரன் படத்தைப் போட்டு முகம் வழிக்கிற கிரீம் விற்றவனின் மூளையை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்த கிளாக்குமார் கேட்டால் கொமடோரைத்தான் எடுத்து வைப்பேன். இதில் மருந்துச் சத்து இருக்கிறது, எவ்வளவு கடும் மயிரென்றாலும் வேரோடு இளக்கிவிடும் என்பேன். கல்யாணத்துக்கு நாள் குறித்த பொடியன்மாருக்கு லில்லி குயீன். இது பூ மாதிரி, கன்னத்துக்கு நோகாது என்பேன். கொமடோர் விலை எழுபத்தைந்து சதம் கூட. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காதபடிதான் நான் சொல்வேன்.

எனக்கும் கொமடோர்தான். ஒஸ்தா முகைதீன்பாவாவின் சலூனில் என்னுடைய ட்யூப் தனியாக ஒரு மாடத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர் அவர் கையால் முகம் வழித்துக்கொண்டு வெளியே வந்தால், எனக்கு நானே மாப்பிள்ளைபோல இருப்பேன். அப்படியொரு வெள்ளிக்கிழமையில் ஒஸ்தா என் நாடியைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். கத்தி அப்படியே நின்றது.

“தம்பி, இந்த இடம் கொஞ்சம் வெளுத்திரிக்கு. எத்தின நாளா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். ஆனால் அந்த இடத்தைத் தொடாமல் சுற்றி வளைத்து வழித்தார். கல்முனையில் தபால் கந்தோருக்கு அடுத்தபடியாகச் செய்தி போகும் இடம் ஒஸ்தாவின் சலூன். அன்றே என் ட்யூபையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கடைக் கண்ணாடியில் பார்த்தேன். இடக்கன்னத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, ஒரு காசு அளவில் வெளிறிக் காய்ந்திருந்தது. அதே மாதிரி ஒன்றை நான் முன்னமே பார்த்திருந்தேன்.

மீராமுகைதீன் எனக்குச் சாமான் ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவன் தோளில் இதுபோல ஒன்று வந்தது. வண்டிக்காரன் படுத்துவிட்டால் என் சாமான் வராதே என்று நானே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் அவனை மரவாங்கில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தொட்டதும் சொல் என்றார். முழங்கையில் தொட்டார், சொன்னான். கழுத்தில் தொட்டார், சொன்னான். தோளில் அந்த இடத்தில் தொட்டார். அவன் கண்ணை மூடியபடி, எப்போது தொடப்போகிறார் என்று சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தான். பெருவியாதி என்றார்கள். அடுத்த கிழமையே மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற மாந்தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குஷ்டநோயாளிகளுக்கென்றே உள்ள தீவு அது.

அன்று வீட்டுக்கு வந்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு என் மனைவி அஸீஸா தேத்தண்ணி கொடுக்கிற நீலக்கரை பீங்கான் கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து உடைத்தேன். டொக்டர் பஞ்சால் தொட்ட கதையை அவளுக்கு நடித்தும் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். சாய்ந்தமருதில் அஸீஸாவின் வீட்டுக்கு நான் ஒரு தகரப்பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்தவன். பதினொரு வருடம் கழிந்தும் அங்கே என்னுடையது என்று சொல்ல, கட்டிலுக்குக் கீழே கிடந்த அந்தப் பெட்டியும் நான் குடிக்கிற பூப்போட்ட கோப்பையும்தான் இருந்தன. பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தால் என் கதை முடிந்தது. அதற்கு அவளுக்கு ஒரு நிமிடம் போதும். நான் பயந்தேன். தீவை நினைத்துப் பயந்ததைவிட அந்த வாசலை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

பயந்தவனுக்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கொமடோரில் மருந்துச் சத்து இருக்கிறதல்லவா? மயிரின் வேரையே இளக்குகிற மருந்து தோலைச் சுட்டிருக்கும். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சொன்னதை இப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அதைப் பரீட்சித்தும் பார்ப்பதென்று முடிவுசெய்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் கிணற்றடி மாதுளை மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, இடக்கன்னத்துக்குக் கொமடோரும் வலக்கன்னத்துக்கு லில்லி குயீனும் பூசி நானே வழிக்கத் தொடங்கினேன்.

மூன்று கிழமை அப்படிச் செய்தேன். இடக்கன்னத்து வெளிறல் இன்னும் கொஞ்சம் பரந்தது. வலக்கன்னம் பளபளவென்று இருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கொமடோரை அடியோடு நிறுத்திவிட்டு, வெளிறல் மறைகிறதா என்று பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. மறையாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அதை மட்டும் செய்யாமல் விட்டேன்.

அஸீஸாவுக்குத் தெரியாமல் இருக்குமா? சோறு போடும்போது இடப்பக்கமாக வந்து நிற்பாள். சின்ன மகள் என் கன்னத்தோடு கன்னம் வைக்க வந்தால் நான் வலக்கன்னத்தைக் காட்டுவேன், அதையும் பார்ப்பாள். ஒரு நாள் நானே இரண்டு ட்யூபையும் அவள் முன்னால் வைத்து விளக்கினேன். இந்த நீலந்தான் வேலை பார்த்திருக்கிறது, நல்லகாலம் கண்டுபிடித்தேன் என்றேன். அவள் இரண்டையும் கையிலெடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுபோலத்தானே மணக்கிறது என்று கேட்டாள். மணத்தில் என்ன இருக்கிறது, சத்துத்தான் வேறு என்றேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று மத்தியானம் என் மனதுக்குள் பெருநாள்.

அடுத்த கிழமை, ஒரு வியாழக்கிழமை, கொழும்புக் கம்பெனியின் ஆள் தம்பிமுத்து கடைக்கு வந்தார். மட்டக்களப்புக்காரர், இரண்டு கிரீமையும் எனக்குத் தருகிறவர் அவர்தான். வந்ததும் வராததுமாகச் சண்டைக்குப் போனேன். கொமடோரால் மனிதனின் முகம் வெந்துபோகிறது, கம்பெனி இதற்கு என்ன சொல்கிறது என்று கத்தினேன். தம்பிமுத்து கோபப்படவில்லை. வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஒரு கடதாசியில் இரண்டு ட்யூபிலிருந்தும் பக்கத்துக்குப் பக்கமாகப் பிதுக்கினார். கண்ணை மூடச் சொன்னார். ஒன்றை என் விரலில் பூசி, இது எது என்று கேட்டார்.

கொமடோர் என்றேன். இல்லை என்றார். மற்றதைப் பூசினார். அதையும் பிழையாகச் சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் யோசித்து, லில்லி குயீன் என்றேன்.

“ரெண்டையும் கலந்து பூசினன், முதலாளி. எல்லாம் ஒரே அண்டாவில காய்ச்சிறது. நான் கம்பெனிக்குள்ள போய்க் கண்ணால கண்டனான். ட்யூபுதான் வேற. ஒருத்தருக்கும் கதைச்சிராதீங்க.”

இந்த இரகசியம் தெரிந்த மகிழ்ச்சியில் நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே கிரீம் வலக்கன்னத்தை ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால் இடக்கன்னத்தைச் செய்தது கிரீம் அல்ல. தம்பிமுத்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸைப் பிடிக்கப் போனார். ஊரையெல்லாம் ஏமாற்றிய என்னுடைய பேச்சில் கடைசியாக நானே ஏமாந்து நின்றேன். வீட்டுக்குப் போய் அஸீஸாவிடம் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கையில் அகப்பட்ட ட்யூபை எடுத்து இரண்டு கன்னத்துக்கும் பூசினேன். நீலமோ பச்சையோ நான் பார்க்கவில்லை. முதலில் இடக்கன்னத்தை வழிக்கத் தொடங்கினேன். மாந்தீவில் ஆட்களுக்கு யார் முகம் வழித்துவிடுவார்கள் என்று என்னவெல்லாமோ யோசனை ஓடியது. அஸீஸா தண்ணீர் அள்ள வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்ச பாருங்க, ரெத்தம் வருகுது.”

கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளை நுரைக்குள்ளே ஒரு சிவப்புக் கோடு காதடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி, பெனியனையும் நனைத்திருந்தது. எப்போது வெட்டியது என்று எனக்குத் தெரியாது.

“நோகலயா?”

“நோகுது,” என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையால் இரத்தத்தைத் துடைத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உடுப்புத் துவைக்கிற கல்லில் என்னை உட்காரச் சொல்லி, தானும் எதிரே குந்தினாள்.

“கண்ண மூடுங்க.”

எதற்கென்று எனக்குத் தெரியும். அந்தக் கதையை அவளுக்கு நடித்துக் காட்டியவனே நான்தானே. மாட்டேன் என்று சொன்னால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. கண்ணை மூடினேன். அடுத்த வளவில் தறி அடிக்கிற சத்தம் கேட்டது. என்னுடைய உயிர் முழுவதையும் அந்தக் கன்னத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாய்க்குள் யாஸீன் ஓதினேன், பாதியில் மறந்துபோனது. அவளுடைய வளையல் சத்தம் கேட்டது. இப்போதுதான் தொட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வாடிக்கையாளன் மனதை அறிந்தவனுக்குப் பெண்சாதியின் கையை அறிய முடியாதா?

“இப்ப நோகுதா?”

“ஓம் புள்ள, நோகுது. மெல்லமா அமத்து.”

கண்ணைத் திறந்தேன். அவளுடைய இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன. ஒரு கை மற்றக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கண்ணை மூடியதிலிருந்து அவள் என்னைத் தொடவே இல்லை.

அவள் எழுந்து வீட்டுக்குள்ளே போனாள். முகத்தில் பாதி நுரையோடு நான் அந்தக் கல்லிலேயே இருந்தேன். கட்டிலுக்குக் கீழே பெட்டி இழுபடுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுப்படியில் தட்டிலிருந்து கோப்பை எடுக்கிற சத்தம் வந்தது. எந்தக் கோப்பை என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த கல்லில்தான் மற்றக் கோப்பை உடைந்தது. இது எங்கே உடையப்போகிறதோ என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அஸீஸா தேத்தண்ணியோடு வந்தாள். பூப்போட்ட கோப்பை. என்றும்போல, சீனி சரியா என்று முதல் வாய் தான் குடித்துப் பார்த்தாள். அதே கோப்பையை என் பக்கம் நீட்டினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

“மீராமுகைதீன்ட கோப்பைய ஒடச்ச மாதிரி இதையும் ஒடைப்பன் எண்டா நெனச்சிட்டு இரிந்தீங்க?”

“ஓம்,” என்றேன்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். நானும் வாறன். தேத்தண்ணியக் குடிச்சிட்டு மற்றக் கன்னத்தயும் வழிச்சு முடிங்க.”

கோப்பையை வாங்கினேன். தேத்தண்ணி தளும்பி என் சுண்டுவிரலில் கொட்டியது. சுட்டது. மற்ற விரல்களிலும் ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தேன்.