ஒனொரேவொலேயின் கதிரை

எனக்கு மனிதர்களில் பெரிய நம்பிக்கை, அதிலும் பதவியில் இருக்கிற மனிதர்களில். மன்னார் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பியோனைக்கூட ஐயா என்று கூப்பிட்டவன் நான். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் என்னைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு எனக்கும் மனைவி அகஸ்ரீனாவுக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை. இருவரும் ஒரே இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. அவளுக்குச் சமையல், எனக்கு, படுத்த படுக்கையாய்க் கிடந்த சிஞ்ஞோராவின் தகப்பனைப் பார்க்கிற வேலை. சிஞ்ஞோரா முந்தின வருடமே கையெழுத்து வைத்து எங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டா. பிறகு குவெஸ்தூராவில், அதுதான் வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் பொலிஸ் கந்தோரில், இன்னும் சில பத்திரங்கள் கேட்டார்கள். அவை போனால்தான் பெர்மெஸ்ஸோ. பெர்மெஸ்ஸோ வந்தால்தான் மடு அகதி முகாமில் என் தங்கச்சியோடு இருக்கும் மகள் லக்ஷனாவைக் கூப்பிடலாம். விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு நாலு வயது. இப்போது எட்டு. அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நேரே கொண்டுபோய்க் கொடுப்போம் என்றாள் அகஸ்ரீனா. நான் விடவில்லை. ஆள் பிடிக்காமல் எந்தக் கந்தோரிலும் ஒன்றும் நடக்காது என்பது என் கொள்கை. வியா மக்வேதாத் தெருவில் ஒரு ஒனொரேவொலே இருந்தார். தேர்தலில் வென்றவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். முந்தின வருட நவம்பரில் பத்திரங்களை ஒரு பெரிய உறையில் போட்டு, வாயை மூன்று சுற்று மண்ணிற ரேப்பால் ஒட்டி, அவருடைய செயலாளரிடம் கொடுத்தேன். ஒனொரேவொலே கவனிப்பார் என்றார் செயலாளர். ஐந்து மாதமாகக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரலில் எனக்கு மூளை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு அவரை அழைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினால் மனம் குளிராதா? கேட்டதும் ஒப்புக்கொண்டார், அது தேர்தல் வருடம். அவரை எங்களோடு மரவாங்கிலா இருத்துவது? பிரான்காச்சோவில் மெத்தை அடிக்கிற பட்டறையில் சிவப்பு வெல்வெற் கதிரை ஒன்றை இரவல் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்தேன். சாரதி என்னையும் கதிரையையும் மாறிமாறிப் பார்த்தான்.

சனிக்கிழமை பின்னேரம் வெங்காயம் வெட்டியபடி அகஸ்ரீனா மறுநாள் பூசையில் தான் பாடவேண்டிய பதிலுரைப் பாடலைப் பாடிப் பழகினாள். வழக்கமாக நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்று போட்டுக்கொண்டேன். மனிதரை நம்புவதைவிட ஆண்டவரிடம் அடைக்கலம் புகுவது மேல் என்றது பாட்டு. அது போதாதென்று அடுத்த அடியில், பிரபுக்களை நம்புவதைவிடவும் மேல் என்று, பதவிக்காரரையும் இழுத்தது.

"அந்த ரெண்டு அடியையும் நாளைக்கு விட்டிடும்," என்றேன்.

"ஏன்?"

"அந்தாளை முன்னுக்கு இருத்தி வைச்சுக்கொண்டு இதையோ பாடுறது?"

"அவருக்குத் தமிழ் விளங்காதுதானே."

"வாசல்ல இத்தாலியன்ல வாசகத் தாள் வைப்பினம். அதில இந்தப் பாட்டும் கிடக்கும்."

"இஞ்சேருங்கோ, இது நான் எழுதின பாட்டில்லை. நாளைக்கெண்டு கோயில் குறிச்ச வேதத்துப் பாட்டு. வாற ஆளுக்கு ஏத்தமாதிரி வெட்டிப் பாட ஏலாது."

"லக்ஷனாவை நினைச்சுப் பாரும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"அவளை நினைச்சுத்தான் பாடுறன். நாலு வருசமாச் செல்லடிக்குள்ள அவளைக் காப்பாத்தி வைச்சிருக்கிறது ஆர்? உங்கட ஒனொரேவொலேயோ?"

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார், மாலையை வாங்கினார், கதிரையில் அமர்ந்தார். அகஸ்ரீனா எழுந்து பாடினாள். அவள் குரல் துளியும் நடுங்கவில்லை. பிரபுக்களின் அடி வந்தபோது அவர் தாளில் விரல் வைத்துப் பார்த்தார். பிரசங்கம் தொடங்க, மணிக்கூட்டைப் பார்த்து எழும்பிப் போனார். மாலை கதிரையில் கிடந்தது. என் பிள்ளையை நானே தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்க ஓடினேன். செயலாளர் சிரித்த முகமாக வரவேற்றார். உங்கள் பிலிப்பைன்ஸ் பூசை, அப்படித்தான் சொன்னார், ஒனொரேவொலேக்கு மிகவும் பிடித்ததாம், வேறு இடத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போகவேண்டி இருந்ததாம். நான் பத்திரங்களைப் பற்றிக் கேட்டேன். அலுமாரியைத் திறந்து, ஒரு குவியலுக்கு அடியிலிருந்து உறையை இழுத்தார்.

"இதுவா?"

நான் ஒட்டிய மூன்று சுற்று ரேப்பும் ஒட்டியபடியே இருந்தது. ஒனொரேவொலே கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உறையை நீட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மரக்கறிக் கத்தியால் ரேப்பை அறுத்தாள்.

"நாளைக்கு வெள்ளன எழும்புங்கோ," என்றாள். "நாங்கள் போவம், ஆண்டவர் வருவார்."

மறுநாள் குவெஸ்தூரா வரிசையில் நின்றோம். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் அவள் கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் போனாள். உள்ளே இருந்த அதிகாரி தாள்களைப் புரட்டியபடி, யார் அனுப்பியது என்று கேட்டார். என் வாய் பழக்கத்தில் திறந்தது. அவள் என் காலை மிதித்தாள்.

"நெஸ்ஸூனோ," என்றாள், ஒருவரும் இல்லை என்று.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எங்கள் கோப்பை எடுத்து, தாள்களை உள்ளே வைத்து, முத்திரை குத்தினார். இவ்வளவு நாளும் இவற்றுக்காகத்தான் கோப்பு காத்திருந்தது, ஏன் முதலே கொண்டுவரவில்லை என்று கேட்டார். நான் அந்த இடத்திலேயே அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது.

யூனில் பெர்மெஸ்ஸோ வந்தது. அடுத்த வருடம் லக்ஷனா வந்தாள். பட்டறைக்காரர் கதிரையைத் திரும்பக் கேட்காததால் அது கோயிலில் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒருவரும் அதில் அமர்வதில்லை. வந்த முதல் ஞாயிறு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இதில ஆர் இருக்கிறவை?"

"நீ இரு," என்றேன்.

ஏறி இருந்தாள். கால் நிலத்தில் முட்டவில்லை. அகஸ்ரீனா பாட எழுந்து, தாளை விரித்து, கதிரையைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதன்முறையாக அவள் குரல் நடுங்கியது.