கட்டைவிரல் தனி, மற்ற விரல் தனி

மண்ணூர் மாதா கோவில் பாடற்குழுவில் அமிர்தநாதன் கிதாரைத் தொட்டால் வானத்துச் சம்மனசுகளே காதைப் பொத்திக்கொள்ளும். அந்த அடிக்கு அவன் வைத்த பெயர் 'வெஸ்டர்ன்'. அவன் மனைவி கிரேசிக்குச் சன்னமான குரல். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குழந்தை ஏசுவின் தாலாட்டைத் தனியாகப் பாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பாடற்குழுத் தலைவர் அருளப்பன், தமக்கு இசை தெரியும் என்பதைப் பாடுவதைத் தவிர எல்லா வழிகளிலும் நிரூபித்தவர். ஒத்திகையில் கிரேசி பாட, பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கொரலு எடுபடலம்மா. வர்ற ஞாயித்துக்கெழம இன்னொருக்கா கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் கிரேசி வெடித்தாள். "எங்கொரலுக்கு இன்னா கொறச்சல்? நீ அடிக்கிற அடியில எனக்கே கேக்கல!"

அமிர்தநாதன் கம்பியடிக்கும் பிளாஸ்டிக் வில்லையைத் தூக்கிப் போட்டான். விரலால் மீட்டுவது என்று முடிவாயிற்று. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளம் நடத்த, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளைத் தனித்தனியே சுண்ட வேண்டும். சொல்ல எளிது. மறைமலை நகரில் அவன் ஓட்டுவது தகடு அழுத்தும் பிரஸ். கை சிக்காமலிருக்க, இரண்டு பட்டன்களையும் இரு கையாலும் சேர்த்துத் தட்டினால்தான் இறங்கும். பல வருஷப் பழக்கம். கட்டைவிரல் அசைந்தால் மற்ற விரல்களும் சேர்ந்தே விழுந்தன, கூடவே தோளும்.

நகம் வேண்டும் என்று யாரோ சொல்ல, வெட்டாமல் விட்டான். உடையாமலிருக்கக் கிரேசியின் கியூடெக்ஸைப் பூசினான். கம்பெனியில் கையுறையைக் கழற்றியதும் பக்கத்து மெஷின் பரசுராமன் பார்த்துவிட்டான்.

"இன்னா வாத்தியாரே, கலரு தூக்கலா கீது! வளைகாப்பு எப்போ?"

"கலைடா. ஒனக்குப் புரியாது."

ஷிப்ட் முடிவதற்குள் கலை துண்டுதுண்டாகக் கையுறைக்குள் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கிரேசி பாடத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே அவன் விரல்கள் பின்னிக்கொண்டன. பழையபடி நாலு அடி அடித்தால் தப்பித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. கிரேசி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவன் மற்ற விரல்களை மடக்கிக்கொண்டான். கட்டைவிரலால் மட்டும் வரிக்கு ஒரு கம்பியைத் தொட்டான். தொட்டுவிட்டுச் சும்மா இருந்தான். சும்மா இருப்பதுபோல் கடினமான வேலையைக் கம்பெனி அவனுக்குக் கொடுத்ததே இல்லை.

அருளப்பன் செருமினார். "இப்ப எடுபடுது. நாந்தான் போன வாரமே சொன்னேனே. கிரேசியே பாடட்டும்."

வெளியே வந்து சைக்கிளை எடுத்த அமிர்தநாதன் முனகினான். "மத்த வெரலு வேலையே செய்யல, கிரேசி. கிறிஸ்துமஸுக்குள்ள கத்துக்கினு முழுசா வாசிக்கிறேன், பாரு."

கிரேசி கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"கத்துக்கோ, வேணாங்கல. என் பாட்டு முடிஞ்சப்பறம் வாசி."